மீன்சந்தையிலிருந்து சட்டசபைக்கு: அல் ஸ்மித்தின் அரசியல் வாழ்வு – ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றைக் கற்போர் பெரும்பாலும் அந்நாட்டு ஜனாதிபதிகளின் வரலாற்றையே கற்கின்றனர். மாநிலச் சட்டசபைகளிலே அமர்ந்து, மசோதாக்களை வரிவரியாகப் படித்து, திருத்தங்களைப் பிரேரித்து, தம் வாழ்நாளைக் கழித்தோரைப் பற்றி அறிய முற்படுவோர் மிகச் சிலரே. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முதல் மூன்று தசாப்தங்களிலே அந்நாட்டுத் தொழிலாளியின் வேலைநேரம், தொழிற்சாலைப் பாதுகாப்பு, விபத்து நட்டஈடு ஆகியவற்றைப் பெரும்பாலும் நிர்ணயித்தவை மாநிலச் சட்டசபைகளே. சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்த மத்திய அரசு இயற்றிய சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியமை இதற்குத் தக்க சான்றாகும். எனவே அந்நாட்டின் சமூகச் சட்டவாக்க வரலாற்றை அறிய விரும்புவோர் வாஷிங்டனை மட்டுமன்றி, நியூயோர்க் மாநிலத்தின் தலைநகரான அல்பனியையும் நோக்குதல் வேண்டும்.

அல்பனியிலே பன்னிரண்டு ஆண்டுகள் சட்டசபை உறுப்பினராகவும், பின்னர் நான்கு தவணைகள் ஆளுநராகவும் இருந்து, 1928இல் ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்றவர் அல்பிரட் இமானுவேல் ஸ்மித். மக்கள் அவரை ‘அல் ஸ்மித்’ என்றே அழைத்தனர். அவரது அரசியல் வாழ்வு வரலாற்று மாணவன்முன் இரண்டு வினாக்களை வைக்கின்றது. ஊழலுக்குப் பெயர்பெற்ற ஒரு கட்சி இயந்திரத்தினுள்ளிருந்து தொழிலாளர் நலச் சட்டங்கள் தோன்றியமை எங்ஙனம் என்பது முதலாவது. தன் மாநிலத்திலே ஈடிணையற்ற செல்வாக்குப் பெற்ற ஒருவர் நாட்டின் உயர்பதவியை எட்ட முடியாது போனமை ஏன் என்பது இரண்டாவது.

ஸ்மித் 1873ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆம் திகதி நியூயோர்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியிலே, கப்பற்றுறையை அண்டிய ஏழைக் குடியிருப்பொன்றிற் பிறந்தார். தந்தை வண்டி வைத்துச் சரக்கேற்றிப் பிழைத்தவர். தந்தைவழியில் இத்தாலிய, ஜேர்மன் இரத்தமும் தாய்வழியில் ஐரிஷ் இரத்தமும் கலந்திருந்த போதிலும், ஐரிஷ் கத்தோலிக்கச் சமூகமே அவரை வளர்த்தது. அவரும் அச்சமூகத்தவராகவே அறியப்பட்டார். தந்தை இளவயதிலேயே இறந்துவிட, பதினான்கு வயதிலே பாடசாலைக் கல்வி முடிவுற்றது. பின்னர் புல்ரன் மீன்சந்தையிலே கணக்கெழுதியும் மீன்பெட்டி தூக்கியும் குடும்பத்தைக் காத்தார். பிற்காலத்திலே பல்கலைக்கழகப் பட்டதாரிகளான உறுப்பினர்கள் தத்தம் பட்டங்களைச் சபையிலே எடுத்துரைத்தபோது, தாம் பெற்ற பட்டம் புல்ரன் மீன்சந்தைப் பட்டமே என்று அவர் கூறிய கதை பிரசித்தமானது.

இத்தகைய ஓர் இளைஞனுக்கு அரசியலுக்குள் நுழைய இருந்த வாயில் ஒன்றே. அதுவே ‘ரமனி மண்டபம்’ எனப்பட்ட ஜனநாயகக் கட்சியின் நகர இயந்திரம். 1789இல் ஒரு சங்கமாகத் தொடங்கிய இவ்வமைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நகர ஆட்சியைத் தன் கைப்பிடிக்குள் கொண்டுவந்திருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய குடியேறிக்கு வேலை தேடிக் கொடுப்பதும், குளிர்காலத்தில் நிலக்கரி வழங்குவதும், பொலிசாரிடம் அகப்பட்டவனைப் பிணையில் எடுப்பதும், செத்தவீட்டுக்கு உதவுவதும் அதன் வட்டாரத் தலைவர்களின் தொண்டுகள். இதற்குக் கைம்மாறு தேர்தல் நாளிலே வாக்கு. ஒப்பந்தங்களிலும் உத்தியோகங்களிலும் பெற்ற இலஞ்சமே இத்தொண்டுகளுக்கான மூலதனம். அரசு செய்யாத சமூக சேவையை ஓர் ஊழல் அமைப்புச் செய்தது என இதனைச் சுருங்கக் கூறலாம். வட்டாரத் தலைவர் ரொம் போலியின் ஆதரவு ஸ்மித்துக்கு 1903ஆம் ஆண்டுத் தேர்தலில் மாநிலச் சட்டசபை ஆசனத்தைப் பெற்றுக்கொடுத்தது.

1904இல் அல்பனிக்குச் சென்ற ஸ்மித், அங்கு வாசிக்கப்பட்ட மசோதாக்களின் பொருளை அறியாது திகைத்தார். பின்வரிசை ஆசனத்திலே மௌனியாயிருந்து, கட்சி சொன்னவாறு கையுயர்த்திவிட்டு ஊர் திரும்புவதே ரமனி உறுப்பினர் பலரின் வழக்கம். ஸ்மித்தோ மசோதாக்களை அறைக்கு எடுத்துச்சென்று இரவிலே படித்தார். ஒரு மசோதா திருத்த முனையும் பழைய சட்டத்தைத் தேடிப் படித்தார்; வரவு செலவு மதிப்பீட்டை இலக்கம் இலக்கமாக ஆராய்ந்தார். அவருடன் அல்பனியில் அறை பகிர்ந்து வாழ்ந்தவர் றொபேட் வாக்னர் என்னும் ஜேர்மன் குடியேறி. இவ்விருவரும் பின்னர் இணைபிரியாச் சட்டவாக்கத் துணைவராயினர். 1911இல் ஜனநாயகக் கட்சி இரு சபைகளையும் கைப்பற்றியபோது ஸ்மித் சட்டசபையிற் பெரும்பான்மைக் கட்சித் தலைவராகவும் வாக்னர் மேற்சபைத் தலைவராகவும் அமர்ந்தனர்.

அவ்வாண்டு மார்ச் மாத இறுதியிலே அடுத்தடுத்து இரு சம்பவங்கள் நிகழ்ந்தன. 24ஆம் திகதி, மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் 1910இல் நிறைவேறிய தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. தன் குற்றமில்லாத விபத்துக்கு முதலாளி பணம் செலுத்துமாறு கட்டாயப்படுத்துவது அவனது உடைமையைப் பறிப்பதாகும் என்பது நீதிபதிகளின் வாதம். மறுநாள், 25ஆம் திகதி சனிக்கிழமை மாலை, வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகே பத்து மாடிக் கட்டடமொன்றின் மேல்மாடிகளில் இயங்கிய ‘ற்றையாங்கிள்’ ஆடைத் தொழிற்சாலையிலே தீ மூண்டது. ஒன்பதாம் மாடியின் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்பு ஏணி பாரந்தாங்காது முறிந்தது. தீயணைப்புப் படையினரின் ஏணி ஆறாம் மாடிவரையே எட்டியது. நூற்று நாற்பத்தாறு பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிக் குடும்பங்களைச் சேர்ந்த இளம் பெண்கள். ஈராண்டுக்கு முன்னர் நியூயோர்க் ஆடைத் தொழிலிலே பெண்கள் நடத்திய பெரு வேலைநிறுத்தத்தின்போது இத்தொழிற்சாலைத் தொழிலாளரும் போராடியிருந்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. தொழிற்சாலை உரிமையாளர் இருவரும் அவ்வாண்டு டிசெம்பரில் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டனர்.

இறந்தோரிற் பலர் ஸ்மித்தின் அயலைச் சேர்ந்தோரே. துக்கம் விசாரிக்கும் ரமனி மரபின்படி அவர் அக்குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்றார். சடலங்களை அடையாளங்காணச் சென்றோருடன் பிணவறைக்கும் சென்றார். ஆனால் இம்முறை துக்கம் விசாரிப்பதோடு காரியம் முடியவில்லை. பொதுமக்களின் ஆத்திரத்தைத் தொடர்ந்து 1911 ஜூனில் தொழிற்சாலை விசாரணை ஆணைக்குழு சட்டத்தால் நிறுவப்பட்டது. வாக்னர் தலைவர், ஸ்மித் உபதலைவர். தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் கொம்பேர்ஸ், மகளிர் தொழிற்சங்க இயக்கத்தைச் சேர்ந்த மேரி ட்றயர் ஆகியோரும் அதில் இடம்பெற்றனர்.

இவ்வாணைக்குழுவின் பணிமுறை தனிக் கவனத்துக்குரியது. அது அல்பனியிலே சாட்சியம் கேட்டதோடு அமையாது, மாநிலமெங்குஞ் சென்று தொழிற்சாலைகளை நேரிற் பார்வையிட்டது. அன்று மாலை வாஷிங்டன் சதுக்கத்தருகே இருந்து, பெண்கள் மாடியிலிருந்து குதித்ததைக் கண்ணாற் கண்டவரான பிரான்சிஸ் பேர்கின்ஸ் அம்மையார் இப்பயணங்களில் வழிகாட்டினார். இரவுவேலை முடித்து விடிகாலையில் வெளியேறும் பெண்களை ஸ்மித்துக்குக் காட்டினார். தீயிலிருந்து தப்பும் வழியெனக் கூறப்பட்ட சிறு துவாரத்தினூடாக வாக்னரை ஊர்ந்து செல்லவைத்தார். பனிக்கட்டி படிந்த ஏணி நிலத்தை எட்டாமலே முடிவுற்றதை அவர் அங்கே கண்டார். பழவகைகளையும் மரக்கறிகளையும் தகரத்தில் அடைக்கும் ஆலைகளிலே சிறுவர்கள் வேலைசெய்வதையும் உறுப்பினர்கள் கண்டனர். அதுவரை தம் வட்டாரத்தின் வறுமையைத் தனித்தனிக் குடும்பங்களின் துன்பமாகவே அறிந்திருந்த ஸ்மித், அதனைச் சட்டத்தால் மாற்றத்தக்க ஒரு நிலைமையாகக் கண்டது இங்கேதான் எனலாம்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் சட்டங்கள் நிறைவேறின. தீயொத்திகை, தானாக நீர் தெளிக்கும் கருவிகள், வெளிநோக்கித் திறக்கும் கதவுகள், வேலைநேரத்திற் கதவு பூட்டாமை, பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வேலைநேர எல்லை, தொழில் திணைக்களத்தின் மறுசீரமைப்பு என்பன அவற்றுட் சில. பெண்களின் வாராந்த வேலைநேரத்தை 54 மணியாக வரையறுத்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்திலே தகரத்தில் அடைக்கும் ஆலைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. முழுவதையும் கேட்டு எதனையும் பெறாதிருப்பதிலும், கிடைப்பதைப் பெற்று மிகுதிக்குப் போராடுவதே தக்கது எனப் பேர்கின்ஸ் அம்மையார் அதனை ஏற்றார். வாரத்தில் ஒருநாள் ஓய்வு பற்றிய விவாதத்திலும் அதே ஆலைகள் விலக்குக் கேட்டன. ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் அனுசரிக்கக் கூறும் வேதக் கட்டளையிலே அவ்வாலைகளுக்கு விலக்கு உண்டென எங்கும் எழுதப்பட்டிருக்கக் காணவில்லை என்று ஸ்மித் விடையிறுத்தார். நீதிமன்றம் தடுத்த நட்டஈட்டுச் சட்டமோ, 1913இல் மாநில அரசியலமைப்பே திருத்தப்பட்டு மீண்டும் இயற்றப்பட்டது.

ரமனித் தலைவர் சாள்ஸ் மேர்பி இதற்கு இணங்கியது ஏன்? அவர் திடீரென மனம் மாறினார் எனக் கொள்ளுதல் பொருந்தாது. யூத, இத்தாலியத் தொழிலாளரின் வாக்குகள் பெருகிக்கொண்டிருந்தன. சோசலிசக் கட்சி அவ்வாக்குகளை நாடியது. 1914இல் கீழ்க்கிழக்குப் பகுதியிலிருந்து மேயர் லண்டன் என்னும் சோசலிசவாதி காங்கிரசுக்குத் தெரிவானமை இவ்வச்சம் ஆதாரமற்றதன்று என்பதைக் காட்டுகின்றது. நிலக்கரிக் கூடையால் மட்டும் வாக்கைக் காக்க முடியாத காலம் வந்துவிட்டதை மேர்பி உணர்ந்தார். ஆகவே தொழிலாளரின் போராட்டம், சீர்திருத்தவாதிகளின் அறிவு, கட்சி இயந்திரத்தின் சுயநலம் ஆகிய மூன்றும் ஒரு புள்ளியிலே சந்தித்தன. அப்புள்ளியில் நின்று அவற்றைச் சட்டமாக உருமாற்றும் திறன் வாய்ந்தவராக ஸ்மித் இருந்தார். தனிமனிதனின் பங்கை இவ்வளவாகவே மதிப்பிடுதல் தகும்.

ஆயினும் இயந்திரத்துக்கான கடனையும் அவர் செலுத்தவேண்டியிருந்தது. 1913இல் அவர் சபாநாயகரானார். அதே ஆண்டு, ரமனியைப் பகைத்துக்கொண்ட ஆளுநர் வில்லியம் சல்சர்மீது அரசியற் குற்றச்சாட்டுச் சுமத்தி அவரைப் பதவிநீக்கிய நடவடிக்கை ஸ்மித் தலைமைதாங்கிய சபையிலேதான் ஆரம்பித்தது. சல்சர் குற்றமற்றவர் அல்லர். எனினும் அவரது உண்மையான குற்றம் மேர்பிக்குக் கீழ்ப்படியாமையே எனப் பலரும் கருதினர். ஸ்மித்தின் வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தல் முறையன்று.

1915ஆம் ஆண்டு அரசியலமைப்பு மாநாட்டிலே, நாட்டின் தலைசிறந்த சட்டவறிஞருள் ஒருவரான எலிகு றூட் தலைமைதாங்கினார். எட்டாம் வகுப்பையும் தாண்டாத ஸ்மித்தே மாநில நிருவாகம் பற்றி அங்கிருந்தோருள் மிகுந்த அறிவுடையவர் என எதிர்க்கட்சியினரான அறிஞர்களும் ஒப்புக்கொண்டனர். பின்னர் செரிப், நகரசபைத் தலைவர் ஆகிய பதவிகளை வகித்து, 1918இல் சுமார் 15,000 வாக்குகளால் ஆளுநரானார். அம்மாநிலப் பெண்கள் ஆளுநர் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்ததும் அவ்வாண்டிலேயாம்.

ஆளுநராக அவர் ஆற்றியவற்றுள் இரண்டைக் குறிப்பிடலாம். ஒன்று நிருவாகச் சீரமைப்பு. ஒன்றோடொன்று தொடர்பின்றிச் சிதறிக்கிடந்த நூற்றுக்கு மேற்பட்ட அரச நிறுவனங்கள் இருபதுக்கும் குறைந்த திணைக்களங்களாக ஒருங்கிணைக்கப்பட்டன. வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு ஆளுநருக்கு உரித்தாயிற்று. பெல் மொஸ்கோவிற்ஸ் என்னும் பெண்மணி இதிலே அவரது பிரதான ஆலோசகராக விளங்கினார். மற்றையது குடியியற் சுதந்திரம். முதலாம் உலகப்போரின் பின் எழுந்த ‘செம்பீதி’யிலே, 1920இல் முறைப்படி தெரிவான ஐந்து சோசலிச உறுப்பினரைச் சட்டசபை வெளியேற்றியது. ஸ்மித் சோசலிசவாதி அல்லர். சோசலிசக் கட்சி அவரது வட்டாரத்தில் அவருக்குப் போட்டியாளரும் கூட. எனினும் மக்கள் தெரிவை மறுப்பது பிரதிநிதித்துவ ஆட்சியையே மறுப்பதாகும் என அவர் கண்டித்தார். ஆசிரியர்களின் அரசியல் விசுவாசத்தைச் சோதிக்க முனைந்த மசோதாக்களைத் தமது அதிகாரத்தால் நிராகரித்தார். அவ்வாண்டுத் தேர்தலிலே, கட்சியின் ஜனாதிபதி அபேட்சகர் மாநிலத்திலே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளாற் பின்தங்கியபோது, ஸ்மித் சுமார் 75,000 வாக்குகளாலேயே தோற்றார். 1922இல் மீண்டு வந்து 1924, 1926 தேர்தல்களிலும் வென்றார்.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். 1924இல் நியூயோர்க்கிற் கூடிய கட்சி மாநாடு நகரையும் கிராமத்தையும் எதிரெதிரே நிறுத்தியது. யூதர், கத்தோலிக்கர், கறுப்பின மக்கள் ஆகியோரை எதிர்த்த கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தைப் பெயர்சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம் ஏறக்குறைய ஒரு வாக்கு வித்தியாசத்திலே தோற்றது. ஸ்மித்தும் மக்கடூவும் விட்டுக்கொடாது நிற்க, 103ஆவது வாக்கெடுப்பிலேயே ஜோன் டேவிஸ் என்னும் மூன்றாமவர் தெரிவானார். 1928இல் ஹூஸ்ரன் மாநாடு முதல் வாக்கெடுப்பிலேயே ஸ்மித்தைத் தெரிவு செய்தது. பெருங்கட்சியொன்றின் ஜனாதிபதி அபேட்சகரான முதற் கத்தோலிக்கர் அவரே.

பாப்பரசருக்குக் கீழ்ப்படியும் ஒருவர் அரசியலமைப்புக்கு விசுவாசமாயிருக்க முடியுமா என்னும் ஐயத்தை 1927இலேயே ‘அற்லான்ரிக்’ சஞ்சிகையிலே ஒரு வழக்கறிஞர் கிளப்பியிருந்தார். திருச்சபையும் அரசும் முற்றாகப் பிரிந்திருத்தல் வேண்டும் என்பதே தமது நம்பிக்கை எனவும், தமது நீண்ட பொதுவாழ்விலே இரண்டும் மோதியதில்லை எனவும் ஸ்மித் அதே சஞ்சிகையிலே பதிலளித்தார். ஆனால் தேர்தற் காலத்திலே தர்க்கம் எடுபடவில்லை. மதுவிலக்கை அவர் எதிர்த்தமை, ரமனித் தொடர்பு, நகரத்துப் பேச்சு, வானொலியில் ஒலித்த கீழ்க்கிழக்கு உச்சரிப்பு யாவும் அவரை அந்நியராகக் காட்டின. ஹேபேட் ஹூவர் 444 தேர்வாளர் வாக்குகளும் ஸ்மித் 87 வாக்குகளும் பெற்றனர். தன் சொந்த நியூயோர்க் மாநிலத்தையும் ஸ்மித் இழந்தார். அவரது வேண்டுகோளின்பேரில் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட பிராங்ளின் ரூஸ்வெல்ற்றோ அதே நாளில் மயிரிழையில் வென்றார்.

தோல்விக்கு மதமே தலையாய காரணமா என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமித்த கருத்தினர் அல்லர். 1928இன் பொருளாதாரச் செழிப்பிலே ஆளுங்கட்சியை எதிர்த்து எந்த ஜனநாயகக் கட்சியினரும் வென்றிருக்க முடியாது என்போர் உளர். வாக்குப் புள்ளிவிபரங்களை நுணுகி ஆராய்ந்த அலன் லிச்மன், 1979இல் வெளிவந்த தமது நூலிலே, மதப் பிரிவினையே வாக்காளரை வேறெதனிலும் கூடுதலாகப் பிரித்தது என முடிவுசெய்தார். இவ்விரு கருத்துக்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. வெற்றி கிட்டாமைக்குச் செழிப்பும், தோல்வியின் உருவத்துக்கு மதமும் காரணமாயின எனக் கொள்ளுதல் பொருந்தும். மறுபுறம், பெருநகரங்களின் குடியேறி மக்கள் அவ்வாண்டு திரளாக அவருக்கு வாக்களித்தனர். மசச்சூசெற்ஸ், றோட் ஐலன்ட் ஆகிய வடகிழக்கு மாநிலங்கள் அவர் பக்கம் சாய்ந்தன. 1932இன் பின் ரூஸ்வெல்ற்றைத் தாங்கிய நகரத் தொழிலாளர் கூட்டணியின் முதல் வடிவத்தைச் சாமுவேல் லூபெல் போன்றோர் இங்கே கண்டனர். ஆனால் அவர் வென்ற ஏனைய ஆறு மாநிலங்களும், கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை நடைமுறையில் மறுக்கப்பட்டிருந்த தென்பகுதியைச் சேர்ந்தவை. மதப் பாகுபாட்டினாற் காயமுற்ற அபேட்சகர், தம் கட்சியின் நிறப் பாகுபாட்டைப் பற்றி மௌனஞ் சாதித்தே அவற்றை வென்றார்.

ஸ்மித்தின் பிற்காலம் துயரந் தருவது. எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தை நிறுவிய நிறுவனத்துக்குத் தலைவரானார்; செல்வந்தர் அவரது நண்பராயினர். 1932இல் கட்சி நியமனத்தை ரூஸ்வெல்ற்றிடம் இழந்தார். 1936 ஜனவரியிலே செல்வந்தரின் ‘சுதந்திர லீக்’ மேடையில் நின்று ரூஸ்வெல்ற்றின் ‘புதிய ஒழுங்கு’த் திட்டத்தைக் கடுமையாகத் தாக்கினார்; அவ்வாண்டுத் தேர்தலிலே எதிர்க்கட்சியை ஆதரித்தார். ஏமாற்றமும் மனக்கசப்பும் இதற்குக் காரணம் என்பது உண்மையே. ஆயினும் வேறொரு காரணமும் உண்டு. சீர்திருத்தம் என்பது மாநிலத்தின் பணி, ஒவ்வொரு தீமைக்கும் தனித்தனிச் சட்டம் என்பதே அவர் அல்பனியிற் கற்ற பாடம். பெருமந்தம் வேலையற்றோராக்கிய கோடிக்கணக்கானோருக்கு மாநில எல்லைக்குள் பரிகாரம் இருக்கவில்லை. ஒரு காலத்துக்கு முற்போக்காயிருந்த நோக்கு மறுகாலத்திலே தடையாயிற்று.

அல்பனியிலே அவருடன் பணியாற்றியோர் அப்பாடத்தை மேலுங் கொண்டுசென்றனர். செனற்றரான வாக்னரின் பெயரால் 1935ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் வழங்கலாயிற்று. பேர்கின்ஸ் அம்மையார் 1933இல் தொழிற் செயலாளராகி, அமெரிக்க மந்திரிசபையிலே இடம்பெற்ற முதற் பெண்மணியானார். 1938ஆம் ஆண்டுத் தொழில் நியமச் சட்டம் வேலைநேர எல்லையையும் குறைந்தபட்சக் கூலியையும் நாடளாவிய உரிமையாக்கியது. 1944 ஒக்ரோபர் 4ஆம் திகதி ஸ்மித் காலமானார். 1960இல் ஜோன் கென்னடி வென்றபோதே கத்தோலிக்கர் ஒருவர் ஜனாதிபதியானார்.

உயர்பதவியை அடைந்தாரா என்னும் அளவுகோலால் மட்டும் அளந்தால் ஸ்மித் தோற்றவரே. அவர் நாடிய நாற்காலி அவருக்குக் கிட்டவில்லை. கிட்டாத ஏமாற்றம் அவரைத் தம் பழைய தோழரிடமிருந்தே பிரித்தது. ஆனால் தொழிற்சாலைக் கதவு வேலைநேரத்திற் பூட்டப்படலாகாது என்னும் விதி, அதனை எழுதியோரின் பிற்கால மனமாற்றத்தால் அழிந்துவிடவில்லை. நூற்று நாற்பத்தாறு பேரின் சாவுக்கு நீதிமன்றம் எவரையும் தண்டிக்கவில்லை. சட்டசபை அச்சாவுக்குப் பொருளளித்தது. மசோதாவை இரவிலே விழித்திருந்து படிக்கும் ஓர் உறுப்பினரும், அவரைத் தொழிற்சாலை வாயிலுக்கு அழைத்துச்செல்லும் ஓர் இயக்கமும் ஒருங்கு சேர்ந்தபோதே அது இயன்றது. இவ்விரண்டுள் ஒன்று இல்லாவிடத்து மற்றையதும் பயனற்றுப் போதல் கூடும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.